வட்டமிட்ட ஏழு ஆண்டுகள்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்த பிறகும், தலைக்குமேல் விமானச் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்க்கும் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. அது ஏறுகிறதா, இறங்குகிறதா, அல்லது இறங்க முறை வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று காதே சொல்லிவிடும். சுற்றுகிற விமானமாக இருந்தால் என் மனமும் சற்று நேரம் அதனோடு சேர்ந்து சுற்றும். ஏனெனில், என் உத்தியோக காலத்தில் முழுதாக ஏழு வருஷங்களை நானும் அவ்வாறே சுற்றிக் கழித்தவன்.

1972ஆம் ஆண்டு, பௌதிகத்தில் பட்டம் பெற்ற கையோடு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலைக்குத் தேர்வாகி, அலகாபாத்தை அடுத்த பம்ரௌலிக்குப் பயிற்சிக்காகச் சென்றேன். 1948இல் அங்கே நிறுவப்பட்ட பயிற்சி நிலையத்தில்தான், என் தலைமுறையைச் சேர்ந்த கட்டுப்பாட்டாளர்களுக்கு எழுத்தறிவித்தல் நடந்தது. விமானக் கலையில் அந்த ஊருக்குத் தனிப் பெருமை ஒன்று உண்டு. 1911 பிப்ரவரி 18ஆம் தேதி, ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சு இளைஞர், ஏறத்தாழ 6,500 கடிதங்களைத் தம் சின்னஞ்சிறு விமானத்தில் ஏற்றிக்கொண்டு, யமுனையைக் கடந்து நைனியில் இறக்கினார். உலகிலேயே முதன்முதலாக அதிகாரபூர்வமான தபால் ஆகாய மார்க்கமாகச் சென்றது அன்றுதான். கடிதங்களுக்குச் சிறகு முளைத்த ஊரில் கல்வி பயின்ற என்னை, பின்னாளில் ஒரு கடிதத்தின் ஒற்றை வரியே தரையோடு தரையாகப் பிணைத்து வைக்கப் போகிறது என்பதை அப்போது நான் அறிந்திலேன்.

பம்ரௌலியில் கற்றவற்றுள் எத்தனையோ மறந்துபோயின. மறவாமல் நிற்பது, விமானங்களைக் காத்திருக்க வைக்கும் பாடம். ஓடுபாதை ஒழியாத வேளையில் வந்து சேரும் விமானத்தை ஆகாயத்தில் நிறுத்திவைக்க இயலாதாகையால், அதை ஓர் அடையாளப் புள்ளியைச் சுற்றி, குதிரைப் பந்தயத் திடலின் வடிவத்தில் வட்டமிடச் சொல்வது வழக்கம். 14,000 அடி உயரம் வரையில் ஒரு நிமிஷம் நேர்ப்போக்கு, ஒரு நிமிஷம் திருப்பம், மறுபடி நேர்ப்போக்கு, மறுபடி திருப்பம் என்று, நாலு நிமிஷத்துக்கு ஒரு சுற்று கணக்காகும். இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய எங்கள் ஆசிரியர், சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "காத்திருக்கச் சொல்வது உங்கள் அதிகாரம். எதுவரை என்று சொல்வது உங்கள் கடமை" என்றார். வழி எப்போது கிடைக்கும் என்று ஒரு நேரத்தை விமானிக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த நேரம் ஐந்து நிமிஷமோ அதற்கு மேலோ மாறுமானால், மாறிய நேரத்தையும் உடனே தெரிவிக்க வேண்டும். மேலே இருப்பவனிடம் எண்ணெய் அளவோடுதான் இருக்கிறது. நேரம் தெரிந்தால் அவன் காத்திருப்பான், அல்லது வேறு ஊருக்குத் திரும்புவான். தெரியாவிட்டால் இரண்டுக்கும் உதவாதவன் ஆவான். இது வெறும் சர்வதேச விதி என்றே அன்று நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

பயிற்சி முடிந்து மீனம்பாக்கத்தில் கழித்த ஆண்டுகளே என் உத்தியோகத்தின் வசந்த காலம். வங்கக் கடலின்மேல் பறக்கும் விமானங்களை எட்டிப் பார்க்கும் கண் எங்களுக்கு அந்நாளில் இல்லை. கடலுக்கு அப்பாலிருந்து விமானி சொல்லும் இடத்தையும் நேரத்தையும், வானொலிப் பிரிவினர் காகிதத்தில் எழுதிக்கொண்டுவந்து தருவார்கள். அதை வாங்கி, மரச்சட்டத்தில் செருகிய ஸ்ட்ரிப் என்னும் காகிதக் கீற்றில் பதிந்து, முன்னே போகிறவனுக்கும் பின்னே வருகிறவனுக்கும் இடையே இத்தனை நிமிஷம், மேலே போகிறவனுக்கும் கீழே போகிறவனுக்கும் இடையே 1,000 அடி, 29,000 அடிக்கு மேற்பட்டால் 2,000 அடி என்று கணக்கிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பதினைந்து கீற்றுகள் பலகையில் வரிசையாக நிற்கும்போது, கண்ணால் காணாத அத்தனை விமானங்களும் மனத்துக்குள் பறந்துகொண்டிருக்கும். அந்த நிலையில் மனிதனுக்குப் பசி தெரியாது, வயது தெரியாது.

1984இல், மூன்று வருஷம் என்று சொல்லி, வடகிழக்கிலே ஒரு சிற்றூர் விமான நிலையத்துக்கு என்னை மாற்றினார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். ஊர்மீது எனக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மழைக்காலத்தில் கோபுரத்துக் கண்ணாடிக்கு வெளியே உலகமே கரைந்துவிட்டது போன்ற வெள்ளை. காலையில் கல்கத்தாவிலிருந்து ஒரு போயிங், பிற்பகலில் ஒரு ஃபோக்கர். மேகம் அனுமதித்தால் இரண்டும் வரும், இல்லாவிட்டால் இரண்டும் வாரா. விமானம் வருவதற்கு அரைமணி முன்னதாக ஜீப்பை அனுப்பி ஓடுபாதையிலிருந்து ஆடுகளை ஓட்டுவதும், காற்றுப்பையைப் பார்ப்பதும், வானொலி பழுதானால் விமானிக்குக் காட்ட வைத்திருக்கும் விளக்குத் துப்பாக்கியை எடுத்து, இறங்க அனுமதிக்கும் நிலையான பச்சையும், சுற்றிக்கொண்டிரு என்னும் நிலையான சிவப்பும் ஒழுங்காக எரிகின்றனவா என்று சோதிப்பதுமாக எங்கள் பொழுது சென்றது.

வீணையை வாசிக்காமல் வைத்தால் தந்தி துருப்பிடிக்கும். எங்கள் தொழிலில் அந்தத் துருவுக்குச் சட்டமே உண்டு. ஒரு கட்டுப்பாட்டாளரின் தகுதியை ரேட்டிங் என்போம். ஆறு மாதத்துக்கு மேற்படாத ஒரு காலவரம்பு வைத்து, அதற்குள் அந்த வேலையில் உட்காராதவனுடைய ரேட்டிங் செல்லாது என்பது உலகெங்கும் பொதுவான விதி. எனவே மீனம்பாக்கத்தில் நான் பாடுபட்டுச் சம்பாதித்த தகுதி, சிற்றூருக்கு வந்த முதல் வருஷத்திலேயே காகிதத்தில் செத்துப் போயிற்று. மனத்திலாவது உயிரோடு இருக்கட்டும் என்று, இரவுச் சாப்பாடு ஆன பின் மேசைமீது தீக்குச்சிகளைப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரமும் நேரமும் கற்பித்து, ஒன்றோடொன்று மோதாமல் நகர்த்திக்கொண்டிருப்பேன். என் மனைவி பாத்திரங்களை ஒழித்துவிட்டு வந்து, "இன்றைக்கு எத்தனை இறங்கிற்று?" என்று கேட்பாள். "பன்னிரண்டு" என்பேன். "காலையில் அடுப்பு மூட்ட ஒன்றாவது மிச்சம் வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போவாள்.

1987இல் சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அதைக் கையில் வாங்கிய அன்றே, என் மனைவி புளிப்பானையையும் பித்தளைப் பாத்திரங்களையும் வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டிவிட்டாள். உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்தது: "மாற்று ஆள் வந்து பொறுப்பேற்ற பின்னரே இவர் விடுவிக்கப்படுவார்." அந்த வரியை நான் படித்தேன், ஆனால் பொருட்படுத்தவில்லை. எனக்குப் பதிலாக வரவேண்டியவர் முதலில் விடுப்பில் போனார். பிறகு வைத்தியரின் சான்றிதழ் ஒன்றை அனுப்பி, தம் உத்தரவையே ரத்து செய்துகொண்டார். அடுத்து நியமிக்கப்பட்டவர் வழியிலேயே வேறோர் ஊருக்குத் திருப்பிவிடப்பட்டார். நான் மனு எழுதினேன், மறுபடி எழுதினேன், வந்த பதில்களிலெல்லாம் அந்த வரியே எழுத்து மாறாமல் இருந்தது. கட்டிய சாக்கிலிருந்து முதலில் வெண்கல உருளியை எடுத்தோம், பொங்கல் வந்துவிட்டபடியால். பிறகு இட்லிப் பானை வெளியே வந்தது. பிறகு அண்டா. இரண்டாம் வருஷ முடிவில் சாக்குக்குள் வைக்கோல் மாத்திரம் இருந்தது. அதையும் பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கொடுத்துவிட்டோம்.

திருவையாற்றிலிருந்து என் தாயார் மாதம் ஒரு தபால் கார்டு எழுதுவிப்பார். நான் விமானம் ஓட்டுகிறேன் என்றே அவர் கடைசிவரையில் நம்பியிருந்தார். "ஊரையெல்லாம் விமானத்தில் ஏற்றி அனுப்புகிறாய், நீ ஏறி வர ஓர் இடம் இல்லையா?" என்று ஒரு கார்டில் கேட்டிருந்தார். விஷயம் புரியாமல் எழுதிய கேள்விதான். ஆயினும், விஷயம் புரிந்த எவரும் அதைவிடச் சரியாகக் கேட்டதில்லை.

எங்கள் நிலைய அதிகாரி பாலக்காட்டுக்காரர். மனிதர்களின் கஷ்டத்தைச் சட்டப் புத்தகத்தின் எத்தனையாவது பக்கத்தில் தீர்க்கலாம் என்று அறிந்தவர். 1990ஆம் வருஷத்து மழைக்காலத்தில், இரண்டு விமானமும் வராத ஒரு நாள், கோபுரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சூப்பர்வைசர் பதவிக்கு விண்ணப்பம் கேட்டிருக்கிறார்கள். போட்டீரா?"

"இல்லை, சார். எனக்கு மைக்கில் பேசத்தான் பிடிக்கும். பின்னால் நின்று மேய்ப்பது எனக்கு ஒத்துவராது."

"பிடிக்கிறதா என்று யார் கேட்டார்? இந்த நிலையத்தில் சூப்பர்வைசர் என்று ஒரு இடமே கிடையாது. அந்தப் பதவி உமக்கு வந்துவிட்டால், இங்கே வைத்து உமக்குச் சம்பளம் போட முடியாது. மாற்று ஆள் வந்தாலும் வராவிட்டாலும் உம்மை அனுப்பித்தான் ஆகவேண்டும். கதவு பூட்டியிருக்கிறது, மாடிப்படி திறந்திருக்கிறது. ஏறி அந்தப் பக்கம் இறங்கும்."

டில்லியில் நேர்முகம். மூன்று பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். தொடர்பு அற்றுப்போன விமானத்தைப் பற்றிக் கேட்டார்கள்; பேச வேண்டிய நேரம் கடந்து 30 நிமிஷமாகியும் பேச்சில்லையேல் ஐயநிலை, இறங்க அனுமதி பெற்ற விமானம் குறித்த நேரத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்குள் இறங்காமல் தொடர்பும் அற்றுப்போனால் எச்சரிக்கை நிலை, அதற்கும் மேற்பட்டால் ஆபத்து நிலை என்று ஒப்பித்தேன். கடைசியாக நடுவில் இருந்தவர், "எதற்காக மேற்பார்வைப் பொறுப்பை விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். என் அனுபவம் இளைஞர்களுக்குப் பயன்படவேண்டும் என்ற அவாவினால் என்றேன். அவ்வளவு சுத்தமான பொய்யை நான் அதற்கு முன் சொன்னதில்லை. அவ்வளவு விரைவில் அது என்னிடம் வந்து கணக்குக் கேட்கும் என்றும் எண்ணவில்லை.

1991 டிசம்பரில் தென்னாட்டில் ஒரு பெரிய நிலையத்தில் சூப்பர்வைசராகப் பொறுப்பேற்றேன். விடுதலை பெற்றவனுக்கு முதல் நாளே விளங்கிற்று, எதைக் கொடுத்து விடுதலை வாங்கினேன் என்பது. இளைஞர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள்; எனக்கு அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு மேசை, மூன்று டெலிபோன், ஒரு லாக் புத்தகம். யாருக்கு விடுப்பு, யாருக்கு இரட்டை முறை, எந்த விளக்கு எரியவில்லை, எந்த மந்திரியின் விமானம் தாமதம் என்பனவெல்லாம் என் ராஜ்ய பரிபாலனம். பேச்சு நெருக்கடியாகும்போது என் வலக்கை தானாக மைக்கைத் தேடி நீளும். மேசைமேல் இருப்பது பேனா தாங்கி.

போகப் போக, முதுகுகளைப் படிக்கக் கற்றேன். வேலை அளவோடு இருக்கும்போது கட்டுப்பாட்டாளன் நாற்காலியில் சாய்ந்திருப்பான். கீற்றுகள் பெருகப் பெருக முதுகு நாற்காலியை விட்டு முன்னே வரும். குரல் அரைஸ்வரம் ஏறும். எழுதிக்கொண்டே பேசியவன் பேசிவிட்டு எழுதத் தொடங்குவான். பேனா நின்றுவிட்டால் அவன் பக்கத்தில் இன்னொருவனை உட்கார வைக்கும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். இந்த வித்தையை எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆனாலும், அந்த நிலையத்தின் ரேட்டிங் எனக்கு இல்லை என்பதை அவர்கள் அறிவார்கள். மரியாதை குறைவில்லாமல் அதை எனக்கு அறிவிக்கவும் செய்தார்கள். ஆகவே, நாற்பதைக் கடந்த பிராயத்தில் மறுபடி மாணாக்கனாகி உட்கார்ந்தேன். எனக்கு வாய்த்த ஆசான் கட்டாக்கிலிருந்து வந்த இருபத்தாறு வயது இளைஞர். என் அதிகாரத்துக்கு உட்பட்டவர். ஆனால் ஹெட்போனை மாட்டியதும் தயவு தாட்சணியம் பாராதவர். "சார், அந்த இருவருக்கும் இடையே எட்டு நிமிஷந்தான் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்" என்பார். எண்ணிப் பார்த்தால் எட்டுத்தான் இருக்கும். ஓய்வு நேரத்தில் தேநீர் குடித்தபடி, தீக்குச்சிக் கதையையும் சாக்குமூட்டைக் கதையையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான்கு மாதத்தில் அவர் கையெழுத்துப் போட்டு என்னைத் தேர்வுக்கு அனுப்பினார். அதற்குப் பின் மாதந்தோறும் சில மணி நேரமாவது நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ரேட்டிங்கைத் துருப்பிடிக்க விடாமல் காத்துவந்தேன்.

1996 நவம்பர் 12ஆம் தேதி மாலை முறைக்கு நான் பொறுப்பு. அந்த இளைஞர் நாற்காலியில் இருந்தார். ஏழு மணியை அடுத்து ஒரு டெலிபோன் வந்தது. டில்லியிலிருந்து கிளம்பிய சவுதி அரேபிய போயிங் 747உம், டில்லிக்கு இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தானின் இல்யூஷினும், ஹரியானாவில் சர்க்கி தாத்ரி அருகே நடுவானில் மோதிவிட்டன என்றார்கள். இரண்டிலுமாக 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. ஒன்றுக்கு 14,000 அடி, மற்றொன்றுக்கு 15,000 அடி என்று முறையாகவே உத்தரவு கொடுக்கப்பட்டிருந்தது. இறங்கிய விமானம் தனக்கு அளித்த உயரத்துக்குக் கீழே வந்துவிட்டது என்றே பின்னர் விசாரணையில் முடிவாயிற்று. நாங்கள் தினந்தோறும் வாயால் கட்டும் அந்த ஆயிரமடிச் சுவர், ஒரு வாக்கும் மற்றவர் அதைக் காப்பார் என்ற நம்பிக்கையும் அல்லாமல் வேறில்லை.

டெலிபோனைக் கீழே வைத்தபோது, அந்த இளைஞரின் பலகையில் ஆறு கீற்றுகள் நின்றன. அவற்றுள் இரண்டு, ஆயிரமடி இடைவெளியில் எதிரெதிராக வந்துகொண்டிருந்தன. நான் எழுந்துபோய் அவர் பின்னால் நின்றேன். எப்போதும் நிற்பதுண்டாகையால் அவர் திரும்பவில்லை. அந்த இரண்டும் கடந்து போகும்வரையில் நின்றேன். அடுத்த முறைக்காரர் வந்து பலகையை ஏற்றுக்கொள்ளும்வரையிலும் நின்றேன். அதன் பிறகே அவரை வெளித் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய்ச் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனை நேரமாக உங்களுக்குத் தெரியும்?" என்றார். "நாற்பது நிமிஷமாக." அவர் தலையை அசைத்தார். தப்புவதற்காக ஏறிய மாடியில் எனக்கென்று ஒரு வேலை இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டேன்.

மறு வருஷம் அந்த இளைஞருக்குப் புவனேசுவரத்துக்கு மாற்றல் உத்தரவாயிற்று. கட்டாக்கில் தந்தையார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். அப்போது எங்களுக்கு ஐந்து பேர் குறைவு. விடுவிக்கக் கோரும் மனுவின்மேல் ஷிஃப்ட் பொறுப்பாளன் குறிப்பு எழுதி மேலே அனுப்ப வேண்டும். பணிப்பட்டியலைப் பார்த்தேன், பேனாவை எடுத்தேன், "மாற்று ஆள் வந்து பொறுப்பேற்ற பின்னரே இவரை விடுவிக்கலாம்" என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எழுதி முடிக்கும்வரையில் அது யாருடைய வாசகம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை என்று சொன்னால் நம்பவேண்டும். எத்தனையோ முறை படித்த வரியாகையால் கை தானே எழுதிவிட்டது.

அவர் அதைப் படித்தார். சாக்குமூட்டைக் கதை தெரிந்தவர், குத்திக்காட்டியிருக்கலாம், காட்டவில்லை. நான்தான் வாய் தடுமாறி, "சூப்பர்வைசர் பதவிக்கு எழுதிப் போடுங்களேன், அதிலே ஒரு வழி உண்டு" என்றேன். "எனக்கு மைக் வேண்டும், சார். மைக்கோடு ஊருக்குப் போகவேண்டும்" என்றார். பிறகு, வட்டமிடச் சொன்ன விமானி எந்தத் தொனியில் கேட்பானோ அதே தொனியில், "எதுவரை?" என்று கேட்டார்.

காகிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். என் வரியின் கீழே, "ஆறு மாதத்துக்குள் மாற்று ஆள் வராவிடில், இவருடைய முறைகளில் ஒரு பகுதியை, இந்நிலையத்தின் ரேட்டிங் உள்ளவனாகிய நானே ஏற்றுக்கொள்கிறேன்; இவரை விடுவிக்கலாம்" என்று சேர்த்து எழுதினேன். ஒரே தலையை இரண்டு பதவிகளில் எண்ண விதியில் இடமில்லை என்றும், இவ்வாறு எழுதியதற்கு விளக்கம் தருக என்றும் மேலிருந்து கேட்டார்கள். விளக்கம் தந்தேன். அது எந்தக் கோப்பில் உறங்குகிறதோ!

ஆறு மாதம் ஆயிற்று, ஆள் வரவில்லை, விடுவிக்க அனுமதியும் வரவில்லை. மாடிப்படியில் அவரை நிறுத்தி, "நேரம் மாறிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் என்கிறார்கள்" என்றேன். இரண்டு மாதத்துக்குப் பின், "இன்னும் ஒரு மாதம், ஆள் பெயர் குறித்தாகிவிட்டது" என்றேன். ஒன்பதாம் மாதம் மாற்று ஆள் உண்மையாகவே வந்து பொறுப்பேற்றார். விதி விதியாகவே நிறைவேறிற்று. என் எழுத்தினால் அவர் விடுபட்டார் என்று பெருமை பேச எனக்கு வழியில்லை.

புறப்படும் நாளன்று, மூட்டை முடிச்சுகளோடு விடைபெற வந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. அதன் பின்னிருக்கையில் ஒரு சாக்குமூட்டை, வாய் தைத்து, இறுகக் கட்டியபடி இருந்தது. என் கண் அதன்மேல் போவதைப் பார்த்துச் சிரித்தார்.

"மூன்று தடவை நேரம் சொன்னீர்கள், சார். இரண்டு தப்பு" என்றார். "ஆனால் மூட்டையைப் போன வாரந்தான் கட்டினோம். கட்டியதை அவிழ்க்கவில்லை."